மெத்தைக் கடைக்கு ஒரு சுத்தமான பாட்டு

கடை திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். சங்கரன்கோவிலில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் புது மெத்தைக் கடை வாசலில், ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஆட்டோ தயாராய் நின்றது. தெருத்தெருவாய்ப் போடவேண்டிய விளம்பரப் பாட்டைத்தான் காணோம். எதிர்க்கடைக்காரனோ தலையணை இலவசம் என்று விடிந்ததிலிருந்து அலறிக்கொண்டிருந்தான். பஞ்சு மூட்டை சுமந்து வாழ்க்கையில் மேலே வந்த அண்ணாச்சிக்கு ரத்தம் கொதித்தது.

பாட்டைப் போட்டுத் தர ஒப்புக்கொண்ட சுடலைமணி சாவகாசமாய் வந்து டீ சொன்னான்.

"பாட்டு எங்கலே?"

"அண்ணாச்சி, மியூசிக் சாஃப்ட்வேர்ல மியூசிக் போட எவனாலயும் முடியும். நான் காது டாக்டர் செவிடு பாக்குற சாஃப்ட்வேர்ல போடுதேன். அது பீப்னு ஒரு சத்தம் குடுக்கும். இழுத்துவிட்டா நாதஸ்வரம். நறுக்குனா தவில்."

"பிசைஞ்சா பரோட்டா வருமா?" என்றான் ஆட்டோக்காரன் பீர்முகம்மது.

"சிரிக்காதீங்க பாய். அதுல புல்லாங்குழல் ஒண்ணு போட்டேன். பக்கத்து வீட்டு எருமை கயித்த அத்துக்கிட்டு வந்து கம்ப்யூட்டர நக்கிட்டு நிக்குது. திம்திம்னு அதிருமே பேஸ் சத்தம், அதக் கொஞ்சம் கூட்டினேன், நம்ம குளத்துல தண்ணி கரை வரைக்கும் ஏறிட்டு."

"குளம் வறண்டுல்லா கிடக்கு?" என்றான் பீர்முகம்மது.

"பேஸக் குறைச்சேன், வத்திட்டு. மழைச் சத்தம் வச்சப்ப வானிலை ஆபீஸ்ல இருந்தே ஆள் வந்து, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வைங்கன்னு கெஞ்சுதாரு."

அண்ணாச்சி அவன் பையிலிருந்த பென்டிரைவைப் பிடுங்கி பீர்முகம்மதிடம் கொடுத்தார். அவன் அதை ஆட்டோ ரேடியோவில் சொருகினான். ஒரு சத்தமும் இல்லை.

"சத்தத்தக் கூட்டுலே."

"கூட்டியாச்சு அண்ணாச்சி. இன்னும் திருகுனா குமிழு கையோட வந்துரும்."

சுடலைமணி அசரவில்லை. "இரைச்சல் எடுக்கிற பட்டன அமுக்கினேன். ஃபேன் சத்தம் போச்சு. இன்னொருக்க அமுக்கினேன், பாடுன பிள்ளையோட மூச்சுச் சத்தம் போச்சு. அமுக்க அமுக்க தவில்ல இருந்த இரைச்சல், நாதஸ்வரத்துல இருந்த இரைச்சல், எல்லாம் போயிட்டு. இப்ப இருக்கது சொக்கத் தங்கம். மெத்தைக்கு அமைதிதான வேணும்?"

அண்ணாச்சி அவன் காலரைப் பிடித்து ஆட்டோவுக்குள் திணித்தார். மைக்கைக் கையில் கொடுத்தார். "வாயால சொல்லு. ஒனக்கு எதுக்குலே சாஃப்ட்வேர்?"

ஆட்டோ நகர்ந்தது. குழாய் முழங்கியது.

"ஐயம்பெருமாள் அண்ணாச்சி மெத்தை. போன மாசம் இதுல படுத்த ஒரு பெரியவர் இன்னும் எந்திரிக்கல. பெண்டாட்டி எழுப்பிப் பாத்தா. டாக்டர் வந்து தட்டிப் பாத்தாரு. ஊரே கூடி மாலையோட நிக்குது, மனுசன் அசையல..."

எதிர்க்கடையில் தலையணைக்கு முண்டியடித்தவர்கள் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினார்.

"பீரு, வண்டிய நிறுத்து. கடை தொறக்குமுன்ன கொலக்கேசு வாங்கித் தந்துருவான்."