ஓட்டை இல்லாத நாற்காலி

நொய்யல் கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைக்க வேண்டாம். பத்துப் பேர் உட்கார்ந்தால் பந்தி நிறைந்துவிடும், அவ்வளவுதான். அங்கே இருந்த சாமிக்கு நல்லசிவம் என்று பெயர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த மாசிலாமணிக்கு ஏழெட்டு வயது கூடுதல். ஆகவே குரு சீடனை 'அண்ணா' என்பார், சீடன் குருவை 'சாமி' என்பார். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

மாசிலாமணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரம்பு நாற்காலி பின்னுவது தொழில். அந்தப் பக்கத்தில் அவர் பின்னிய நாற்காலியில் உட்காராத அதிகாரி குறைவு. கட்டைவிரலால் தடவியே ஓட்டைக்கு ஓட்டை அளவு பிசகாமல் பின்னிவிடுவார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மனைவி தெய்வானை அரவக்குறிச்சியில் தாய் வீட்டில் இருந்தாள். வியாழக்கிழமை போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. மடத்துக்கு வந்த பால்காரரிடம்கூட அவர் இதைச் சொல்லாமல் விடவில்லை.

"தொட்டுப் பாத்துட்டு வந்து யாரு சாயல்னு சொல்றனுங்க."

"உங்க சாயலா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் பால்காரர்.

"தெய்வானைகிட்ட மன்னிப்புக் கேக்கறனுங்க."

ஞாயிற்றுக்கிழமை மடத்தில் ஒரு பேச்சு நடந்தது. பேசியவர் ஜெயசீலன், கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். விடுமுறைக்கு நாலு நாள் மடத்தில் தங்க வந்தவர். நல்ல மனுஷர். விஷயத்தைத் தேங்காய் உடைத்த மாதிரி சொன்னார்.

"கல், மரம், இரும்பு எல்லாம் கெட்டியா இருக்குன்னு நினைக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெறுமைதான். அந்த வெறுமைக்குள்ளே இருக்கிறதும் மணல் மாதிரி துகள் இல்லை. ஒரு சமயம் துகள் மாதிரி நடக்கும், ஒரு சமயம் அலை மாதிரி நடக்கும்."

மாசிலாமணி கையைத் தூக்கினார். "அப்ப ஒண்ணை ஒண்ணு தொடறது எப்படிங்க?"

"தொடுறதே இல்லைங்க. கிட்டப் போகப் போக ஒண்ணை ஒண்ணு தள்ளும். கையோட கையை வெச்சாலும் நடுவிலே மயிரிழையை விடச் சின்னதா ஒரு இடைவெளி இருந்துக்கிட்டே இருக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மாசிலாமணி மட்டும் தட்டவில்லை.

மறுநாள் அவர் மடத்து நாற்காலி ஒன்றைப் பின்ன உட்கார்ந்தார். ஊறவைத்த பிரம்பு நாரை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக, ஓர் ஓட்டைகூட விடாமல் நெருக்கி அடைத்தார். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பாயைப் போல இறுக்கமாக முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை வெயிலில் அது காய்ந்தது. ஈரப் பிரம்பு காய்ந்தால் சுருங்கும். சுருங்குவதற்கு இடம் இல்லை. மத்தியானம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். நாற்காலி நடுவில் வாயைப் பிளந்துவிட்டது.

சாமி வந்து பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருஷத் தொழில். ஓட்டை விடணும்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியுமுங்க சாமி. ஆனா ஓட்டைன்னாலே பயமாப் போச்சுங்க."

"என்ன பயம்?"

மாசிலாமணி பிளந்த பிரம்பைத் தடவிக்கொண்டே, "கண்ணுள்ளவங்களுக்குக் கை பொய் சொன்னா கண்ணு இருக்குதுங்க. எனக்கு இந்தக் கையை விட்டா யாருங்க? தெய்வானை மூஞ்சியே இந்தக் கையிலதானுங்க இருக்குது. அதுவும் தொடலையாம். நாளன்னைக்கு பஸ் ஏற எனக்கு மனசில்லீங்க. போயி என்னத்தைத் தொடப் போறேன்?" என்றார்.

சாமி ஆள் அனுப்பிப் பேராசிரியரைக் கூப்பிட்டார். அவர் வாயில் பாதி வடையோடு வந்தார்.

"ஐயா, உள்ளே வெறுமைன்னு கண்ணால பார்த்தது யாரு?"

பேராசிரியர் சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடையை விழுங்கினார். "கண்ணால யாரும் பார்க்கலைங்க. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை."

"பின்னே எப்படித் தெரியும்?"

"ரொம்பச் சின்னதா ஒண்ணை அது மேல விட்டு எறிவாங்க. எது நேராப் போச்சு, எது மோதித் திரும்புச்சுன்னு கவனிப்பாங்க. அதை வெச்சுத்தான்."

மாசிலாமணி தலையை நிமிர்த்தினார். "நான் தடியால தட்டித் தட்டிச் செவுரு எங்கன்னு கண்டுபிடிக்கிற மாதிரீங்களா?"

"அதே மாதிரிதான். துகளா அலையாங்கிறதுகூட நாம எப்படித் தட்டுறோமோ அதுக்கு ஏத்த மாதிரிதான் பதில் வருது."

"அட! உங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் என்ர கதிதானுங்களா!"

பேராசிரியர் சிரித்தார். மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை.

"அண்ணா, கையைக் கொடுங்க" என்றார் சாமி. மாசிலாமணியின் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்தார். "தள்ளுங்க."

மாசிலாமணி தள்ளினார்.

"சோறு தின்னீங்களா இல்லையா? நல்லாத் தள்ளுங்க."

மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். சாமியும் விடவில்லை. சட்டென்று சாமி கையை எடுத்துக்கொண்டு விலகினார். மாசிலாமணி முன்னால் சாய்ந்து பேராசிரியர் மடியில் போய் விழுந்தார்.

"இப்பக் கைக்கு முன்னால என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அதுக்கு முன்னால?"

"சாமி இருந்தீங்க."

"எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க திருப்பித் தள்ளுனீங்களே."

பேராசிரியர் தன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "நான் சொன்னது அந்தத் தள்ளலைத்தாங்க. கல்லு கெட்டியா இருக்கிறதும் அதுதான். அந்தத் தள்ளல் இல்லாட்டி இந்தக் கை அந்தக் கைக்குள்ளே புகுந்து போயிடும். ஒருத்தர் இருக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாது."

மாசிலாமணி தன் இரண்டு கைகளையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார். விட்டார். மறுபடியும் அழுத்தினார். அவர் முகத்தில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. ஆனாலும் தொழிலாளி அல்லவா, முடிச்சு முழுக்க அவிழாமல் விடமாட்டார்.

"ஒரே ஒரு சந்தேகமுங்க சாமி."

"கேளுங்க."

"நீங்க பெரிய ஆளு, பதிலுக்குத் தள்ளுனீங்க. கொழந்தை பொறந்து இருபது நாளுங்க. அது எங்க என்னைத் தள்ளப் போகுது?"

சாமி சொன்னார்: "ஒரு விரலை மட்டும் அது கையில கொடுங்கண்ணா. திருப்பி வாங்கறதுக்குள்ளே நீங்க ஊர் திரும்புற பஸ் போயிடும்."