பேட்டரிக்குக் கிடைத்த சாயங்காலம்

பாய்மரப் படகு ஒன்றில் ஒரு ஜெனரேட்டரும் ஒரு பேட்டரியும் குடியிருந்தன. ஜெனரேட்டருக்குப் படகின் பின்பக்கம் கனத்த மூடி போட்ட ஒரு பெட்டி. பேட்டரிக்கு உட்காரும் பலகைக்கு அடியில் இடம். படகின் சொந்தக்காரர் இன்னாசி, கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட அவர் மனைவி மெற்றில்டா. வேறு ஆள் கிடையாது.

காலையில் ஜெனரேட்டர் ஓடும். அது கொடுக்கிற மின்சாரத்தைப் பேட்டரி வாங்கிப் பத்திரப்படுத்தும். பொழுது சாய்ந்ததும் அதை எடுத்துக் கொடுக்க, விளக்கு எரியும். விளக்கடியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவார்கள்.

அந்தப் பேச்சுதான் ஜெனரேட்டரின் கண்ணை உறுத்தியது.

இன்னாசி வருஷத்தில் பாதிக்கு மேல் கடலிலேயே கழித்தவர். பிள்ளை பிறந்தது, கூரை ஒழுகியது, மாமியார் கண்ணை மூடியது எல்லாமே அவர் இல்லாத நேரத்தில்தான் நடந்தன. அவற்றை மெற்றில்டா இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இருவரும் இந்தப் படகில் பயணம் கிளம்பியதே அதற்காகத்தான். ஆனால் இன்ஜின் ரூமிலேயே கிடந்து கிடந்து இன்னாசியின் காது பாதி போயிருந்தது. சுற்றிலும் சத்தம் இல்லாவிட்டால்தான் மனைவியின் குரல் அவருக்கு எட்டும். அதனால் சாயங்காலத்தில் ஜெனரேட்டர் பக்கமே போக மாட்டார்.

இதையெல்லாம் ஜெனரேட்டர் யோசித்துப் பார்க்கவில்லை. பொறாமை பிடித்துவிட்டால் யார்தான் யோசிக்கிறார்கள்?

"நேத்து என்ன பேசினாங்க?" என்று காலையில் ஓடிக்கொண்டே கேட்கும்.

"அதெல்லாம் என் வெளிச்சத்துல பேசுறது. உனக்கெதுக்கு?" என்று பேட்டரி பதில் சொல்லும்.

"உன் வெளிச்சமா? நான் கத்திக் கத்திக் கொடுத்தது அது."

"கொடுத்தது நீதான், யாரு இல்லைன்னா? கூட உக்காந்திருந்தது நானு."

ஜெனரேட்டருக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே டீசல் எரிகிற வயிறு, இதுவும் சேர்ந்துகொண்டது.

பேட்டரி மின்சாரம் குடிப்பதில் ஒரு முறை உண்டு. ஆரம்பத்தில் மடக் மடக்கென்று குடிக்கும். முக்கால்வாசி நிறைந்த பிறகு மெதுவாக உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்தக் கடைசிக் கால்வாசிக்கு நேரம் பிடிக்கும். ஆனால் அது நிறைந்தால்தான் பேட்டரிக்கு ஆயுசு. 'இவன் ஒரு மிடறு முழுங்க நான் தொண்டை கிழியக் கத்தணுமா?' என்று நினைத்தது ஜெனரேட்டர். ஒருநாள் சரியாக அந்த நேரம் பார்த்து இருமி இருமி நின்றுவிட்டது.

இன்னாசி மூடியைத் திறந்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார், ஆயில் பார்த்தார், துணியால் துடைத்துவிட்டார்.

"ஒனக்கு என்ன கேடு? எல்லாம் ஒழுங்காத்தான இருக்கு," என்றார். பிறகு, "சரி, இன்னைக்கு இது போதும்," என்று மூடிவிட்டார்.

மறுநாளும் அதே இருமல். அதற்கடுத்த நாளும்.

இரண்டுக்கும் நடுவில் இருந்த சார்ஜர் பயந்த சுபாவம். "அண்ணே, அது இன்னும் நிறையலையே," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தது.

"முக்கால் வயிறு சாப்பிட்டா யாரும் செத்துப்போயிட மாட்டாங்க," என்றது ஜெனரேட்டர்.

பேட்டரி செத்துத்தான் போனது. உள்ளே தகடுகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, வாங்குகிற சக்தி நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு சாயங்காலம் மெற்றில்டா பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளக்கு சிவந்து அணைந்தது.

"பேட்டரி போயிட்டு. துறைமுகம் போய்ச் சேர்ற வரைக்கும் ஜெனரேட்டரைப் போட்டுத்தான் வெளக்கெரிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே இன்னாசி அதைக் கிளப்பினார்.

ஜெனரேட்டருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் சாயங்காலம் அதன் கைக்கு வந்துவிட்டது. மூடிக்குள் இருந்தபடி ஒயர் வழியாக விளக்கிடம் கேட்டது.

"என்ன பேசுறாங்க?"

"சாப்பிடுறாங்க."

"சாப்பிட்டு முடிச்சுட்டு?"

"அந்தம்மா என்னமோ சொல்றாங்க. அவரு காதுகிட்ட கைய வச்சு 'என்னது?'ங்கிறாரு. அந்தம்மா திரும்பச் சொல்றாங்க. அவரு திரும்பவும் 'என்னது?'ங்கிறாரு."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லன்னு கைய ஆட்டிட்டு, தட்டைக் கழுவப் போயிட்டாங்க."

வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஜெனரேட்டர் மறுநாள் இன்னும் மூச்சைப் பிடித்து ஓடியது. சத்தம் கூடியது. ஒற்றை விளக்குக்காக ஓடுவது அதன் உடம்புக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. டீசல் ஜெனரேட்டருக்குச் சுமை வேண்டும், வெறுமனே ஓடினால் உள்ளே கரி பிடிக்கும். கறுப்புப் புகை கக்கிக்கொண்டே அது கேட்டது.

"இன்னைக்கு என் வெளிச்சம் எப்படி?"

"பிரமாதமா இருக்கு," என்றது விளக்கு. "அந்தம்மா கண்ணு கலங்கியிருக்கிறது கூடத் தெரியுது."

"ஏன் கலங்குறாங்க?"

விளக்குக்குத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் பெட்டியின் மூடி திறந்தது. நின்றது மெற்றில்டா. பொத்தானைத் தேடி அழுத்தினார். ஜெனரேட்டர் நின்றது. படகு முழுக்க இருட்டு.

"ஏன் நிறுத்துன? ஒண்ணும் தெரியலையே," என்று இன்னாசி தடவிக்கொண்டே வந்தார்.

"தெரியாட்டிப் பரவாயில்ல. எனக்கு வாய் இருக்கு, ஒங்களுக்கு மிச்சம் கொஞ்சம் காது இருக்கு. இங்கனயே உக்காருங்க."

"மூடியப் போடட்டா?"

"கெடக்கட்டும், சூடு ஆறும்."

இருவரும் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். முதல் தடவையாக மூடியும் இல்லை, அதன் சொந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர் படகில் வந்து தட்டுவது கூட அதற்குக் கேட்டது.

"எங்க விட்டேன்?" என்றார் மெற்றில்டா.

"புள்ளைக்குக் காய்ச்சல், வெளிய மழை, ஆட்டோ கெடைக்கலன்னு சொன்ன."

"ஆமா. மீன் வண்டி ஒண்ணு வந்துது, கையக் காட்டி ஏறிட்டேன். ஐஸ் பொட்டி மேலதான் எடம். புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. பொட்டிக்குள்ள கைய விட்டு ஐஸ் எடுத்து, அவ நெத்தியில வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். ஒரே மீன் வாடை."

இன்னாசி இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"இத ஏன் எனக்கு எழுதல?"

"எழுதியிருந்தா நடுக்கடல்ல நின்னுக்கிட்டு என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மெற்றில்டா மேலே சொல்லப் போனார்.

பலகைக்கு அடியிலிருந்து, செத்தும் உயிர் முழுக்கப் போகாத பேட்டரி ஈனக்குரலில் முனகியது. அதற்கு இப்போது இருட்டின் மேல் பொறாமை.

"என் வெளிச்சமும் இல்ல, உன் வெளிச்சமும் இல்ல. அப்புறம் எப்படிப் பேசுறாங்க?"

"சத்தம் போடாத," என்றது ஜெனரேட்டர். "அந்தம்மா சொல்றது கேக்க மாட்டேங்குது."