உருகாத வெள்ளித்தாள்

மூங்கில் காட்டு விலங்குகளிடம் ஒரு ஜீப் இருந்தது. கோடையில் சுனை வற்றினால், நடக்க முடியாத குட்டிகளை அதில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் உள்ள குளத்துக்குக் கொண்டுபோவார்கள். ஓட்டுவது சொக்கன் என்ற குரங்கு. ரிப்பேர் பார்ப்பதும் அவன்தான். கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் அவனைப் பிடிக்க முடியாது!

ஒரு நாள் காலை, சொக்கன் தன் மகள் பூரணியை முதல் ஆளாக முன்சீட்டில் உட்கார வைத்தான். என்ன இருந்தாலும் டிரைவர் மகள் அல்லவா! என்ஜினை ஓடவிட்டு ஹாரனை அமுக்கினான். சத்தமே இல்லை. ஃபியூஸ் போயிருந்தது. வேறு போட்டான். அதுவும் உருகிப் போனது.

"சே! சனியன், சும்மா சும்மா போகுதே!" என்று பல்லைக் கடித்தான்.

குட்டிகளோடு காத்திருந்த நீர்நாய் செவந்தி எட்டிப் பார்த்தாள். "ஃபியூஸ் சும்மா உருகாது அண்ணே! ஆபத்துன்னா கரண்டை நிறுத்தத்தான் அது உருகுது. எங்கேயோ வயர் தோல் உரிஞ்சு இரும்புல உரசுது. என்ஜினை நிறுத்தி, பாட்டரி வயரைக் கழட்டிட்டுத் தேடுங்க."

"வெயில் ஏறுது, இவ வேற! நான் பார்க்காத வண்டியா?"

குரங்குகளுக்குப் பளபளப்பு என்றால் உயிர். சாலையில் யாரோ வீசிய சாக்லெட் வெள்ளித்தாளைச் சொக்கன் பத்திரமாக வைத்திருந்தான். அதை ஃபியூஸில் சுற்றிச் சொருகினான். பாம்! ஹாரன் அலறியது.

"கேட்டியா? இனிமே ஜென்மத்துக்கும் போகாது!" மறுபடி அமுக்கினான்.

பாம் என்ற சத்தம் பாதியில் முனகலானது. ஸ்டியரிங்குக்குக் கீழே குபுகுபுவென்று புகை! கையை எடுத்தும் நிற்கவில்லை. நெருப்பு எட்டிப் பார்த்தது.

"ஐயோ, பூரணி!"

சொக்கன் பாய்ந்து மகளை இழுத்தான். அவள் வரவில்லை! பயந்தால் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பதுதானே குரங்குக் குட்டியின் சுபாவம். அவள் பிடித்திருந்ததோ முன்சீட்டுக்கு எதிரே, நெருப்பை ஒட்டியிருந்த இரும்புக் கம்பி. அது கொதித்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுக்கினாள்.

"விடுடி கண்ணு! விடும்மா!" ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

அதற்குள் செவந்தி சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள். பானட்டைத் திறந்து, பாட்டரி வயரைப் பிடுங்கினாள். "தண்ணி வேண்டாம், மண்ணை அள்ளுங்க!" என்று கத்தினாள். எல்லோரும் அள்ளி வீசினார்கள். நெருப்பு அடங்கியது.

பூரணி பிழைத்தாள். ஆனால் அவளுடைய உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அவள் அழக்கூட இல்லை. கைகளை விரித்து அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவந்தி கருகிய வயர்க் கொத்தை இழுத்துக் காட்டினாள். ஹாரனுக்குப் போகும் வயர் ஒரு தகட்டின் ஓரத்தில் உரசி, விரல் நீளத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. ஒட்டுவதற்கு ஒரு துண்டு டேப் போதும். அதை வைத்திருந்த டப்பா சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

சொக்கன் ஃபியூஸைப் பிடுங்கினான். வயரெல்லாம் கருகிப்போன அந்த வண்டியில், வெள்ளித்தாள் மட்டும் உருகாமல் அப்படியே பளபளவென்று மின்னியது!

ஆபத்தைச் சொல்ல வருவதன் வாயை அடைத்தால் ஆபத்து போய்விடாது. அது நாம் நேசிப்பவர்கள் மேல்தான் போய் விழும்.