அடிக்கு ஒரு அங்குலம்

செத்தவன் தலையில் பழியைப் போடுவது சுலபம். அவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

கல்யாண மண்டபத்தின் இருபத்தினாலு அடி உத்தரம் முறிந்து விழுந்து, கொத்தனார் எசக்கி அடியிலேயே நசுங்கிச் செத்தார். விசாரிக்கத் தாசில்தார் வந்தார். அதற்குள் இன்ஜினீயர் தணிகாசலம், தன்னிடம் வரைபடம் போடும் செண்பகத்தை மிரட்டி வைத்திருந்தார். "கொத்தன் கலவையில சிமெண்டைத் திருடிட்டான்னு சொல்லு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

இடிபாட்டின் முன் நின்று தாசில்தாரிடம் முழங்கினார். "உத்தரம் நான் சொன்ன அளவுலதான் இருக்கு. ஒரு நூல் பிசகல. கலவைதான் மோசம். இவளையே கேளுங்க."

எசக்கியின் மனைவி செண்பகத்தின் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கென்னங்கய்யா தெரியும்?" என்றாள் செண்பகம் பணிவாக. "எல்லாம் சார் சொல்லிக் கொடுத்ததுதான். இருபத்தினாலு அடி உத்தரம் எவ்வளவு உயரம் இருக்கணும்னு கணக்கே போடாம சொல்வாங்க. அதை அவங்க வாயால கேக்கணும்."

தணிகாசலத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "அடிக்கு ஒரு அங்குலம்! இருபத்தினாலு அடின்னா இருபத்தினாலு அங்குலம். ரொம்பக் குறைஞ்சா தாங்காது. ஒரு நொடியில சொல்லிடுவேன்."

செண்பகம் டேப்பைத் தாசில்தாரிடம் நீட்டினாள். முறிந்து கிடந்த உத்தரத்தை அவர் அளந்தார். உயரம் பதினாலு அங்குலம்.

தணிகாசலத்தின் முகம் செத்துப்போயிற்று. "அவசரத்துல சொன்ன அளவு... சரிபார்க்க நேரமில்ல..." என்று இழுத்தார்.

எசக்கியின் மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அந்த ஒரு நொடி கூடவா ஐயா இல்லாமப் போச்சு?"