முதலாளி கேட்ட பால்கனி

ஜவுளிக்கடை முதலாளி திருவேங்கடம், சம்பந்தியோடு பதினைந்து நாள் கப்பல் பயணத்துக்குத் தயாரானார். சம்பந்தி எதிரிலேயே, கூட வரப்போகும் எடுபிடி அழகேசனை அதட்டினார்.

"டேய், அலைச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். பால்கனி ரூம் போடு. ஆனா ஜன்னல் இல்லாத ரூமுக்கு ஆகிற காசுதான் தருவேன். முடியலைன்னா வேலையை விட்டு நின்னுக்கோ."

"ஜன்னல் இல்லாததையே போடறேன் முதலாளி. கப்பல் கிளம்பின பிறகும் நீங்க பால்கனி கேட்டா, மிச்சக் காசை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்றான் அழகேசன்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். முட்டுக்காட்டில் படகேறிய அன்று அவர் சட்டையை அலசிப் போட்டவன் அழகேசன்தான் என்பதை மனுஷர் சுத்தமாக மறந்துவிட்டார்.

கப்பல் கிளம்பிய மறுநாள், சம்பந்தியை அழைத்துக்கொண்டு அழகேசன் முதலாளியின் அறைக்குள் போனான். அவர் மூக்கருகே எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

"முதலாளி, பால்கனி ரூம் ஒண்ணு காலியா இருக்காம். மாத்திடலாமா? படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம்."

"அடப்பாவி, கடல்ங்கிற பேச்சையே எடுக்காதேடா! முதல்ல அந்த வாளியைத் தள்ளு!"

சம்பந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஏம்பா, அலைச் சத்தம் கேட்டாத்தான் இவருக்குத் தூக்கம் வரும்னாரே?"

"வரும் சார்" என்றான் அழகேசன், வாளியைத் தள்ளிக்கொண்டே. "கரையில இருந்து கேட்டா வரும்."