ராணி கேட்ட கிண்ணிப்பூ

ஒரு மலையடிவாரத்துல ஒரு ராசா இருந்தானாம். அவன் மலை மேல இருந்து வெள்ளச்சின்னு ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டு வந்தான். வந்தவளுக்கு அரமனை ஒட்டல, எந்நேரமும் பொறந்த ஊரு நெனப்பு. எங்க ஓடக்கரையில கிண்ணி மாதிரி சின்னதா, அஞ்சு இதழோட, மஞ்சளா மினுங்குற ஒரு பூ பூக்கும், அது இங்க பூத்தா இருப்பேன், இல்லாட்டி தை பொறந்ததும் அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னுட்டா. ராசாவுக்குச் சோறு எறங்கல. பொண்டாட்டி மேல அம்புட்டுப் பிரியம் அவனுக்கு.

அரமனைத் தோட்டக்காரன் மாடக்கண்ணுன்னு ஒருத்தன். பெரிய சோம்பேறி. பூவக் கொண்டாந்தா தோட்டத்தையே தாரேன்னு ராசா சொன்னதும், மலையேற ஒடம்பு வணங்காம, ஆவாரம்பூவப் பறிச்சு நீட்டுனான். அஞ்சு இதழு, மஞ்சளு, ஆனா மினுங்கலன்னுட்டா ராணி. அப்புறம் நெருஞ்சிப்பூவ நீட்டுனான். அதுவும் அஞ்சு இதழு, மஞ்சளு, அதுவும் மினுங்கல. அப்புறம் என்ன செஞ்சான் தெரியுமா அந்தக் கழுத? ஆவாரம்பூவுக்கே நெய்யத் தடவிக் கொண்டாந்துட்டான்! ராணி ஆசையாத் தலையில வச்சா, எறும்பு மொய்ச்சுக் கடிச்சுத் தலையே வீங்கிப்போச்சு. பூ அதேதான், ராணியம்மா தலையெண்ணெய்க்குத்தான் எறும்பு வந்துச்சுன்னு சாதிச்சான் அவன். ராணி துணிமணிய மூட்ட கட்ட ஆரம்பிச்சிட்டா.

ராசா பாத்தான், தானே மலையேறி மாமியா வீட்டுக்குப் போயிட்டான். நடந்ததக் கேட்டு மாமியாக்காரிக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் ஓடக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனா.

"மஞ்சப்பூ எல்லாம் கிண்ணிப்பூ ஆயிராது மாப்ள. இதழு உள்பக்கம் தானா மினுங்கும், எல கோழிக்காலு மாதிரி பிரிஞ்சிருக்கும். கசக்கிப்புடாதிக, சாறு பட்டா கொப்புளம் போட்டுரும், எருமையே அதத் தொடாது. வேரோட சேத்தையும் சேத்து அள்ளிட்டுப் போங்க. ஈரம் காயாத எடமா, உச்சி வெயிலு படாத எடமாப் பாத்து வையுங்க."

ராசா தலப்பாக்கட்ட அவுத்து, அதுல சேத்தோட செடிய வச்சுத் தூக்கிட்டு வந்தான். கெணத்துத் தண்ணி ஓடுற வாய்க்கா ஓரமா, நாவமர நெழல்ல நட்டான். செடி வேரு புடிச்சு, மொட்டும் விட்டுச்சு. மாடக்கண்ணு அந்த மொட்டக் கண்டான். இது பூத்தா நம்ம பொய்யி வெளிய வந்துருமே! மத்தியானம் எல்லாரும் சாப்ட்டுக் கண்ணசந்த நேரமாப் பாத்துப் புடுங்கி, ரெண்டு கையாலயும் கசக்கித் தூர எறிஞ்சிட்டான்.

சாயங்காலம் வந்து பாத்த ராசா, சேத்துலயே உக்காந்து அழுதுட்டான். ஆமா, ராசாதான், சின்னப்புள்ள மாதிரி. ராணியும் மூட்டையோட வந்து நின்னா. மாடக்கண்ணு கைய முதுகுக்குப் பின்னால மறச்சுக்கிட்டு, எரும வந்து மேஞ்சிருச்சு மகராசான்னான்.

"எந்த எருமடா அதத் திங்கும்? கைய நீட்டு"ன்னா ராணி.

நீட்டுனான். ரெண்டு கையிலயும் கொப்புளம், கொப்புளம், கொப்புளம். பொய்யச் சொல்ல வாயி இருந்துச்சு, மறைக்கக் கையி இல்ல. தோட்டம் தாரேன்னு சொன்ன ராசா, கொப்புளம் ஆறுனதும் நீ மலைக்கும் தோட்டத்துக்கும் நடந்து செடி சொமக்கணும்டா, அதான் ஒனக்கு வேலைன்னுட்டான்.

ராணி சேத்தத் தடவிப் பாத்தா. அறுந்த வேரு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அத அமுக்கி வச்சிட்டு, ராசா பக்கத்துல அவளும் சேத்துல உக்காந்தா.

"இது பூக்கத் தை தாண்டிரும். ஒங்களுக்கு நட்டதக் காக்கத் தெரியல, நானே இருந்து பாத்துக்கிறேன்."

அதோட மூட்டையப் பிரிச்சிட்டா. பொய் சொன்னவன் செடி சொமந்தான், ஆசப்பட்டவன் பொண்டாட்டியோட இருந்தான். கதை அம்புட்டுத்தான், கண்ண மூடுங்க.