செயற்கைக்கோள் போட்ட சைரன்

"இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டும், தோழர்" என்றார் சங்கரபாண்டி.

தீப்பெட்டி ஆலைத் தொழிற்சங்கத்தில் நாற்பது வருடம் முழங்கியவர். இப்போது ஜெபசீலியிடம் வானொலி கற்கும் மாணவர். ஜெபசீலிக்கு அவர் வயதில் பாதி. கோவில்பட்டியில் வீடுவீடாக டிஷ் மாட்டுவது தொழில்.

வெளிநாட்டுச் சாமான் இல்லாமல் செயற்கைக்கோள் வழியாகப் பேச முடியாது என்று, லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலிக் கனவான்கள் சொல்லிவந்தார்கள்.

ஜெபசீலி காயலான் கடையில் கிடந்த டிஷ்ஷை எடுத்தார். டிவிக்கு மாட்டும் எல்.என்.பி.யைக் காதாக்கினார். வைஃபை ஆம்ப்ளிஃபயரை வாயாக்கினார். செம்புக்கம்பியைச் சுருட்டி நடுவில் நிறுத்தினார்.

ஆப்பிரிக்கா பேசியது. கனவான்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

அதே போல் ஒன்றைச் சங்கரபாண்டியும் கட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அழைக்கிறார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தாலே அவர் குரல்மேல் ஒரு சைரன் அலறுகிறது.

இன்றும் பதில் வராவிட்டால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார். யாரோ திட்டமிட்டுத் தடுக்கிறார்கள் என்றார்.

"போலீஸ் சைரனுக்கே பேச்சை நிறுத்தாதவன் நான்."

ஜெபசீலி ஒன்றுதான் கேட்டார், பவர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று. முழுசும் என்றார் பெருமையாக.

"பேசுங்க, அண்ணாச்சி. மேல போயிட்டுத் திரும்பி வர்ற உங்க குரலை நீங்களே கேளுங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசினார். கால் நொடியில் வானத்திலிருந்து அவர் குரல் இறங்கியது. கூடவே சைரன்.

"கேட்டீங்களா? எவன் போடுறான் இதை?"

"செயற்கைக்கோளே போடுது. ஒரே நேரத்துல பல நாட்டுக்காரங்க பேசுற இடம் அது. ஒருத்தர் கத்துனா மத்தவங்க குரல் அமுங்கிப்போகும். கத்துறவர் மேலதான் சைரன் விழும்."

சங்கரபாண்டியின் முகம் சிறுத்தது.

ஜெபசீலி பவர் குமிழைப் பாதிக்குத் திருப்பினார். சைரன் நிற்கவில்லை. கால்வாசிக்குக் கொண்டுவந்தார். நின்றது.

திரும்பி வந்த குரல் யாரோ ஒரு சாதாரண மனிதனுடையதுபோல் இருந்தது. மைக் இல்லாமல் ஆலை வாசலை அதிரவைத்தவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"இது யாருக்கு எட்டும், தோழர்?"

"பேசுற பொத்தானை விடுங்க."

விட்டார்.

இரைச்சலுக்குள்ளிருந்து, ஆப்பிரிக்காவின் மொம்பாசாக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில், நிதானமாகப் பேசினார்:

"மூன்று வாரமாகவே உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, ஐயா. இனி நாங்களும் பேசலாமா?"